மழலையரைப் பேணிய மக்மில்லன் அம்மையார்

நடவுப் பயிர் செய்யும் உழவர் முதலில் நாற்றங்காலைத்தான் நாடுவர். நீர்வளம் உள்ள ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, சேற்றைப் பதப்படுத்தி, எருவிட்டு, விதை தூவுவர். காலையும் மாலையும் நீரை அளவறிந்து விடுவர், வடிப்பர், பறவைகள் கொத்தாமல் காப்பர். அங்கே நாற்று நோஞ்சலாகிவிட்டால், பின்னர்க் கழனியில் எத்துணை உரம் இட்டாலும் பயிர் தேறுவதில்லை. இவ்வுண்மை மனிதப் பயிருக்கும் பொருந்தும். ஆங்கில மொழியில் நாற்றங்காலுக்கும் குழந்தைகள் வளரும் இடத்திற்கும் 'நர்சரி' என்னும் ஒரே சொல் வழங்குவது கருதத்தக்கது. இலண்டன் மாநகரின் ஏழைத் தெருக்களுக்கு நடுவே அத்தகைய மனித நாற்றங்கால் ஒன்றை அமைத்துக் காட்டிய பெருமாட்டியே மார்கரெட் மக்மில்லன் அம்மையார்.

மார்கரெட் 1860ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள் அமெரிக்க நாட்டில், நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து அங்குக் குடியேறியவர். மார்கரெட்டுக்கு ஓராண்டு மூத்தவர் ரேச்சல், இளையவர் எலிசபெத். மகிழ்ச்சியோடு வாழ்ந்த அக்குடும்பத்தின்மீது 1865ஆம் ஆண்டில் பேரிடி விழுந்தது. தந்தையும் தங்கையும் நோய்வாய்ப்பட்டு மாண்டனர். மார்கரெட்டையும் 'ஸ்கார்லெட்' காய்ச்சல் என்னும் கொடிய தொற்றுநோய் பற்றியது. உயிர் பிழைத்தாரேனும் செவிப்புலனை இழந்தார். அவருடைய 14ஆம் வயதில்தான் அது மீண்டது. குழந்தைப் பருவத்தில் வரும் நோய் ஒருவர் வாழ்வில் எவ்வளவு ஆழமான வடுவை ஏற்படுத்தும் என்பதை அவர் நூல்களிலிருந்து கற்கவில்லை. தம் உடம்பிலேயே கற்றார்.

கணவனை இழந்த தாய் எஞ்சிய இரு பெண்மக்களுடன் ஸ்காட்லாந்திலுள்ள இன்வர்னஸ் என்னும் ஊருக்குத் திரும்பித் தம் பெற்றோரை அடைந்தார். 1877இல் அத்தாயும் மறைந்தார். மூத்தவராகிய ரேச்சல் நோயுற்ற பாட்டிக்குப் பணிவிடை செய்து வீட்டிலேயே இருந்தார். மார்கரெட் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சென்று மொழிகளையும் கல்வி முறைகளையும் கற்றார். 1888இல் சகோதரியர் இருவரும் இலண்டனில் ஒன்று சேர்ந்தனர். அடுத்த ஆண்டில் துறைமுகத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு உறுதுணையாய் நின்றனர். பின்னர் மார்கரெட் செல்வச் சீமாட்டி ஒருவரின் மாளிகையில் அமர்ந்து வாழும் வாய்ப்பையும் பெற்றார். ஆயினும் ஏழை மக்களின் துயரைக் கண்ட உள்ளம் அம்மாளிகையில் நிலைகொள்ளவில்லை. அவ்வாழ்வை உதறிவிட்டு, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பிராட்போர்டு நகரை அடைந்தார்.

பிராட்போர்டு கம்பளி ஆலைகள் நிறைந்த நகரம். புகைபோக்கிகள் வானை மறைத்தன. அங்குள்ள பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பலர் நாளின் ஒரு பாதியை ஆலையிலும் மறு பாதியைப் பள்ளியிலும் கழித்தனர். களைப்பால் வகுப்பறையிலேயே உறங்கினர். குளிர்காலம் தொடங்கியதும் சிலருடைய மேலாடையை உடம்போடு சேர்த்துத் தைத்துவிடும் வழக்கமும் இருந்தது. இளவேனில் வரும் வரையில் அவ்வாடை களையப்படுவதில்லை. பசியும் அழுக்கும் நோயும் அப்பிள்ளைகளின் உடன்பிறப்புகளாய் இருந்தன.

1894ஆம் ஆண்டில் மார்கரெட் அந்நகரின் பள்ளிக் குழுவிற்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையும் இல்லாத காலம் அது. அவர் பள்ளிதோறும் சென்று பார்த்தார். நோயுற்ற பிள்ளைக்கு எழுத்தைக் கற்பிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றது என்று உணர்ந்தார். பள்ளி மருத்துவராகிய ஜேம்ஸ் கெர் என்பாருடன் சேர்ந்து பிள்ளைகளின் உடல்நிலையைச் சோதிக்க வழிசெய்தார். 1897இல் ஒரு பள்ளியின் உள்ளேயே குளியலறைகள் எழுந்தன. பள்ளியின் வேலை பாடம் சொல்வதா, குளிப்பாட்டுவதா என்று எள்ளி நகையாடியோர் பலர். மார்கரெட் சலிப்படையவில்லை. நீராடி உலர்ந்த உடம்போடு வகுப்பிற்குத் திரும்பிய பிள்ளைகளின் முகத்தெளிவே அவர்களுக்கு விடையாயிற்று.

1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிக் குழுக்களை ஒழித்தது. மார்கரெட் தாம் வகித்த பதவியை இழந்து இலண்டனுக்குத் திரும்பினார். ரேச்சல் அதற்கு முன்னரே சுகாதார ஆய்வாளர் பயிற்சி பெற்று, கெண்ட் மாவட்டத்தில் ஊர் ஊராய்ச் சென்று நலவாழ்வு முறைகளைக் கற்பித்துவந்தார். தங்கை நாவும் எழுதுகோலும் கொண்டு போராடுபவர். தமக்கை அமைதியாய் இருந்து ஆவன செய்பவர். இருவரும் இனி ஒரே பணியில் இணைந்தனர். பசித்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவளிக்க வழிகோலும் சட்டம் 1906இல் நிறைவேறியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை கட்டாயம் நடைபெற வேண்டும் என்னும் சட்டம் 1907இல் வந்தது. இவ்விரண்டிற்காகவும் இடையறாது குரல் கொடுத்தோருள் மார்கரெட் முன்னணியில் நின்றார்.

ஆனால் சோதனை நோயைக் கண்டுபிடிக்குமேயன்றித் தீர்க்குமோ? ஆதலின் சகோதரியர் 1908ஆம் ஆண்டில், ஜோசப் பெல்ஸ் என்னும் அமெரிக்க வணிகரின் பொருளுதவியோடு, கிழக்கு இலண்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒரு மருத்துவ நிலையம் திறந்தனர். 1910இல் அப்பணி டெட்போர்டு என்னும் பகுதிக்கு மாறியது.

டெட்போர்டு தேம்சு ஆற்றின் தென்கரையில் உள்ளது. துறைமுகக் கூலிகளும் இறைச்சிக் கூடங்களில் வேலை செய்யும் பெண்களும் நெருக்கமாக வாழ்ந்த இடம். ஓர் அறையிலேயே ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கும். சன்னல்கள் மூடியே கிடக்கும். அங்கிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிலையத்திற்கு வந்தனர். கண்ணில் நீர் வடிந்தவர், காதில் சீழ் வடிந்தவர், சொத்தைப் பல்லால் துடித்தவர், சொறி சிரங்கால் வாடியவர் எனப் பலர் வந்து, நலம் பெற்று வீடு சென்றனர்.

இங்கேதான் அம்மையாரின் உள்ளத்தை உலுக்கிய உண்மை வெளிப்பட்டது. நலம் பெற்றுச் சென்ற பிள்ளைகள் சில வாரங்களில் அதே நோயோடு மீண்டும் வாயிலில் நின்றனர். மருந்து தோற்கவில்லை, வீடுதான் வென்றது. காற்றும் ஒளியும் தூய நீரும் இல்லாத அறை, மருத்துவர் கட்டியதை ஒவ்வோர் இரவும் இடித்துத் தள்ளியது. பிறரேனும் மருந்தை மேலும் மேலும் கொடுத்து மனநிறைவு அடைந்திருப்பர். சகோதரியரோ தாம் செய்துவந்த பணி போதாது என்பதைத் தமக்குத் தாமே ஒப்புக்கொண்டனர். அவ்வாறு ஒப்புக்கொள்வதற்குத் துணிவு வேண்டும்.

1911ஆம் ஆண்டில் ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் சிறுமியர்க்கென ஒரு முகாம் அமைத்தனர். மாலையில் சிறுமியர் வருவர், வெந்நீரில் குளிப்பர், தூய ஆடை உடுத்துத் திறந்த வெளியில் கட்டில்களில் உறங்குவர், காலையில் உணவு அருந்திப் பள்ளிக்குச் செல்வர். நாளடைவில் அவர்களுடைய கன்னங்கள் சிவந்தன, இருமல் நின்றது. தூய காற்றும் உறக்கமும் நீரும் செய்த மருத்துவம் அது. ஆயினும் மற்றொரு வினா எழுந்தது. பத்து வயதில் இப்பிள்ளைகள் நோயாளிகளாய் வருகின்றனர்; நோய் எப்போது தொடங்கியது? பள்ளியில் சேரும் முன்னரே, தவழும் பருவத்திலும் தளர்நடைப் பருவத்திலும் தொடங்கிவிட்டது என்பதே விடை. எனவே பிள்ளைகளை ஐந்து வயதிற்குப் பின்னர்க் குணப்படுத்துவதைவிட, ஐந்து வயதிற்கு முன்னர் நோய் வாராமல் காப்பதே அறிவுடைமை என்று இருவரும் முடிவு செய்தனர்.

அக்காலத்தில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளின் நிலை இரங்கத்தக்கது. முன்னெல்லாம் மூன்று வயதுக் குழந்தைகளையும் பெரிய பள்ளிகளில் சேர்த்துக்கொள்வர். அங்கே அவர்கள் வரிசை வரிசையாகப் பலகைகளில் கைகட்டி அமர்ந்து எழுத்துகளை ஒப்பிக்க வேண்டும். அது குழந்தைகளுக்குத் தீங்கு என்று பெண் ஆய்வாளர்கள் அறிக்கை அளித்தனர். 1905 முதல், ஐந்து வயது நிரம்பாதவரைச் சேர்க்க மறுக்கும் உரிமை பள்ளி அதிகாரிகளுக்குக் கிடைத்தது. பள்ளியின் பலகையிலிருந்து குழந்தைகள் விடுதலை பெற்றனர். ஆனால் அவர்கள் சென்ற இடம் தெருவும் இருண்ட அறையுமே. பள்ளியும் பொருந்தவில்லை, தெருவும் பொருந்தவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே புதியதோர் இடம் வேண்டியிருந்தது.

1914ஆம் ஆண்டில் அவ்விடம் தோன்றியது. டெட்போர்டில் வெறுமையாய்க் கிடந்த ஒரு நிலத்தை இலண்டன் ஆட்சி மன்றத்தார் ஆண்டொன்றுக்கு ஒரு ஷில்லிங் வாடகைக்குத் தந்தனர். அங்கே குழந்தைகளின் திறந்தவெளிப் பள்ளி தொடங்கியது. ஐந்து வயதிற்கு உட்பட்ட மழலையர் அங்கு வந்தனர். அவர்களுள் கைக்குழந்தைகளும் உண்டு.

அப்பள்ளி எவ்வாறு இருந்தது என்பதைச் சற்று நோக்குவோம். உயர்ந்த மாளிகை அங்கு இல்லை. தோட்டமே பள்ளி. தோட்டத்தின் நடுவே, காற்றும் வெயிலும் தாராளமாய் நுழையும்படி ஒரு புறம் திறந்த சிறு சிறு கொட்டகைகள் இருந்தன. ஒத்த வயதுக் குழந்தைகள் ஒரு கொட்டகையில் இருப்பர். காலையில் வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவர். முதற்பணி நீராட்டல், அடுத்தது தூய ஆடை அணிவித்தல், பின்னர்க் கஞ்சியும் பாலும். நண்பகலில் நல்லுணவு, அதன்பின் தாழ்ந்த கட்டில்களில் திறந்த வெளியில் நெடிய உறக்கம். மாலையில் மீண்டும் உணவு உண்டபின் தாய்மாரிடம் செல்வர்.

இடைப்பட்ட நேரமெல்லாம் விளையாட்டு. மணலில் வீடு கட்டலாம். தண்ணீரை ஊற்றி விளையாடலாம். படிகளில் ஏறி இறங்கலாம். பூச்செடிகளும் காய்கறிகளும் மணமுள்ள பச்சிலைகளும் பாத்திகளில் வளர்ந்தன. அவற்றைத் தொட்டும் முகர்ந்தும் நிறம் கண்டும் குழந்தைகள் புலன்களைக் கூர்மையாக்கினர். புலன்களின் வழியே அறிவு வளரும் என்று பிரெஞ்சு மருத்துவர் செகுவென் கூறிய நெறியை மார்கரெட் முன்னரே ஆழ்ந்து கற்றிருந்தார். 1900ஆம் ஆண்டில் இளங்குழந்தைப் பருவம் பற்றித் தாம் எழுதிய நூலில் அவர் ஆராய்ந்தவை இப்போது தோட்டத்தில் உயிர்பெற்று உலவின.

குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் தாதியர் வேலை. கற்பிப்பது ஆசிரியர் வேலை என்று அக்காலத்தார் பிரித்துவைத்திருந்தனர். அப்பிரிவினையை அம்மையார் ஏற்கவில்லை. குழந்தை நீராடும்போது நீரின் வெம்மையை அறிகிறது. தன் கை கால்களின் பெயர்களைக் கற்கிறது. தன்னோடு அன்பாய்ப் பேசுபவரின் வாயசைவை நோக்கித் தானும் மழலை பேசுகிறது. உண்ணும்போது கரண்டியைப் பிடிக்கவும், தன் முறை வரும்வரை பொறுக்கவும், அருகிலிருப்பவர்க்குப் பகிர்ந்தளிக்கவும் பழகுகிறது. ஆகவே பேணுதல் வேறு, கற்பித்தல் வேறு அன்று. மழலைப் பருவத்தில் இரண்டும் ஒன்றே. இதுவே அம்மையார் உலகிற்கு வழங்கிய பெருங்கருத்து.

தொழில் நகரங்களின் குழந்தைகளை அந்நாளில் மிகவும் வாட்டிய நோய் 'ரிக்கெட்ஸ்' என்பது. எலும்புகள் உறுதி பெறாமல் கால்கள் வில்போல் வளைந்துவிடும். உடம்பில் வைட்டமின் டி குறைவதே இதற்குக் காரணம். வெயில் தோலில் படும்போது அவ்வைட்டமின் உடம்பிலேயே உண்டாகிறது. புகைமண்டலம் வெயிலை மறைத்த தெருக்களில், அறைக்குள்ளேயே அடைபட்ட குழந்தைகளுக்கு அது கிட்டவில்லை. முதல் உலகப் போருக்குப் பின்னரே அறிவியலார் இதனைத் தெளிவாக நிறுவினர். மக்மில்லன் சகோதரியரோ அதற்கு முன்னரே, வெயிலிலும் காற்றிலும் குழந்தைகளை விட்டால் கால்கள் வலுப்பெறுகின்றன என்பதைக் கண்ணாரக் கண்டு அவ்வழியே நடந்தனர்.

பள்ளி தொடங்கிய ஆண்டிலேயே முதல் உலகப் போரும் மூண்டது. ஆடவர் போர்க்களம் சென்றனர். பெண்டிர் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். குழந்தைகளை விட்டுச் செல்ல இடமின்றித் தாய்மார் தவித்தனர். பள்ளியின் தேவை பன்மடங்கு பெருகியது. பணமோ குறைவு, பணியாளரோ சிலர். ரேச்சல் இரவு பகல் பாராது உழைத்தார். அவ்வுழைப்பு அவர் உடலை அரித்தது. 1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், தம் 58ஆம் பிறந்த நாளன்றே, அவர் உயிர் நீத்தார்.

மார்கரெட்டுக்கு உலகமே இருண்டது. தாய், தந்தை, தங்கை என ஒவ்வொருவராய் இழந்த அவருக்கு எஞ்சியிருந்த ஒரே உறவு தமக்கையே. ஆயினும் மறுநாட் காலையிலும் குழந்தைகள் வாயிலில் வந்து நிற்பார்கள் அல்லவா? அவர்களுக்கு நீராட்டவும் கஞ்சி காய்ச்சவும் வேண்டுமல்லவா? அம்மையார் துயரை அடக்கிக்கொண்டு எழுந்தார். பள்ளிக்கு ரேச்சல் மக்மில்லன் என்னும் பெயரையே சூட்டினார். அதன் புகழனைத்தும் தமக்கைக்கே உரியது என்று பல்லாற்றானும் உலகிற்கு உணர்த்தினார். 1927இல் ரேச்சலின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வெளியிட்டார்.

1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மழலையர் பள்ளி நடத்தும் உரிமையை உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. ஆனால் அஃது உரிமையேயன்றிக் கடமையன்று. போருக்குப்பின் நாட்டில் பொருள் நெருக்கடி ஏற்பட்டது. செலவைக் குறைக்க முற்பட்டோர் முதலில் கைவைத்தது வாய்பேச அறியாக் குழந்தைகளின் பங்கில்தான். அம்மையார் ஊர் ஊராய்ச் சென்று முழங்கினார், நூல்கள் எழுதினார். மருத்துவமனைகளுக்கு வாரி இறைக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை மழலையர் பள்ளிக்கு அளித்தால் நோயே குறையுமே என்று எடுத்துரைத்தார். 1923இல் மழலையர் பள்ளிச் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார்.

எனினும் அச்சங்கத்தாரோடும் அவருக்குக் கருத்து வேற்றுமை உண்டாயிற்று. குழந்தைகளை நாள் முழுவதும் பேணும் பெரிய பள்ளிகள் வேண்டும் என்பதிலும், அவற்றில் நன்கு பயின்ற ஆசிரியரே பணிபுரிய வேண்டும் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சின்னஞ்சிறு குழந்தைதானே, யார் பார்த்துக்கொண்டால் என்ன என்பது பலருடைய எண்ணம். அம்மையாரோ, குழந்தை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அதனைப் பேணுவோர் அறிவுடையராய் இருத்தல் வேண்டும் என்றார். அவருடைய மாணவியர் டெட்போர்டிலேயே தங்கிப் பயின்றனர்; குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று தாய்மாரோடு பழகினர். தாய்மாரும் பள்ளிக்கு வந்து குழந்தை வளர்ப்பைக் கற்றனர். குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதன்று, தாயின் சுமையைப் பகிர்ந்துகொள்வதே மழலையர் பள்ளியின் நோக்கம் என்பது இதனால் விளங்கியது.

ஆசிரியப் பயிற்சிக்கு நிலையான ஓர் இல்லம் அமைப்பதே அம்மையாரின் இறுதிக் கனவு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்கள் அவையில் அமர்ந்த முதற்பெண்மணியாகிய நான்சி ஆஸ்டர் அம்மையார் அதற்குப் பொருள் திரட்ட உதவினார். 1930ஆம் ஆண்டில் ரேச்சல் மக்மில்லன் பயிற்சிக் கல்லூரியை மேரி அரசியார் திறந்துவைத்தார். தமக்கையின் பெயர் அக்கட்டடத்தின் முகப்பில் ஒளிர்வதைக் கண்ட அம்மையார் அடுத்த ஆண்டு, 1931 மார்ச்சுத் திங்களில், தம் 70ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தபோது இங்கிலாந்தில் மழலையர் பள்ளிகளின் தொகை நூற்றையும் எட்டவில்லை. அவர் கண்ட கனவு அவர் காலத்தில் முழுமை பெறவில்லை என்பதே உண்மை. ஆயினும் அவர் இட்ட விதை பட்டுப்போகவில்லை. டெட்போர்டுப் பள்ளி 2014இல் நூறாண்டு கண்டது. வாழ்வின் முதற்சில ஆண்டுகளிலேயே மூளை மிக விரைவாய் வளர்கிறது என்றும், நல்லுணவும் உறக்கமும் விளையாட்டும் அன்பான பேச்சும் அவ்வளர்ச்சிக்கு இன்றியமையாதன என்றும் அறிவியலார் இன்று கூறுகின்றனர். இவையனைத்தையும் அவர் ஓர் ஏழைத் தெருவின் தோட்டத்தில் முன்னரே செய்துகாட்டினார்.

மாணவர்களே! உங்கள் தெருவிலும் மழலையர் பள்ளி ஒன்று இருக்கலாம். அதனைக் கடந்து செல்லும்போது சற்றே நின்று பாருங்கள். ஒரு குழந்தையின் முகத்தைத் துடைத்து, அதனோடு சிரித்துப் பேசி, கையில் கிண்ணத்தைக் கொடுக்கும் ஒருவர் அங்கு இருப்பார். அவர் செய்வது எளிய வேலை போலத் தோன்றும். அஃது எளியதன்று, நாட்டின் நாற்றங்காலைக் காக்கும் பணியே அது என்பதை மக்மில்லன் அம்மையாரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது.